ராஜாளி, எண் ஒன்பது

கிள்ளான் மேரு ரோட்டில், துறைமுகத்து லோரிகளுக்கு டர்போ பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் மகதலேனா பதினைந்து வருடம் வேலை பார்த்தாள். அந்தப் பதினைந்து வருடத்தில் முதலாளி சொன்ன வேலையை மாட்டேன் என்று அவள் சொன்னது ஒரே ஒரு தடவை. 1998 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டையை முதலாளி சோமசுந்தரம் நீட்டினார். கீழே கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

"நான் போடல பாஸ்," என்றாள்.

பட்டறையில் பதினான்கு பேர் வேலை செய்தார்கள். கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. சோமசுந்தரத்துக்கே சரியாகக் கேட்கவில்லை. "பேனா இல்லையா?" என்று தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மகதலேனா பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்ததும் சுங்கை வே மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். பத்து வருடம் நுண்நோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். கண் எரிச்சல் தாங்காமல் அதை விட்டுவிட்டுக் கிள்ளானுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. சோமசுந்தரம் அப்போதுதான் பேலன்சிங் மிஷின் ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். ஆண்கள் மூன்று பேர் அதில் உட்கார்ந்து பார்த்து, பொறுமை போய் எழுந்துவிட்டார்கள்.

டர்போவுக்குள் ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள் இருக்கும். பின்சக்கரத்தை எஞ்சினின் சூடான புகை சுற்றும். அது சுற்றினால் முன்சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு லட்சம் சுற்று. ஒரு பக்கம் அரிசி நொய் அளவு எடை கூடினாலும் பேரிங் போய்விடும். மகதலேனா சக்கரத்தை மிஷினில் சுழலவிட்டு, முள் எந்தப் பக்கம் துடிக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சின்ன அரைகல்லால் ஒரு தொடு தொடுவாள். மறுபடி சுழலவிடுவாள். மறுபடி தொடுவாள். முள் அசையாமல் நிற்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். "லேனா கை பட்ட டர்போ" என்று லோரிக்காரர்கள் கேட்டு வாங்குகிற அளவுக்கு வந்தது.

1997 கடைசியில் நாட்டின் நாணயமான வெள்ளியின் மதிப்பு விழுந்தது. துறைமுகத்தில் சரக்கு குறைந்தது, லோரிகள் நின்றன, பட்டறையில் பாதி நாள் வேலை இல்லை. அந்தச் சமயத்தில்தான் ராதாகிருஷ்ணன் வந்தார். ஆகாயப் படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், அம்பாங்கில் வீடு, மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்களின் சங்கத்துக்குச் செயலாளர். கையில் பால்மாவு டின் அளவில் ஒரு சாமான் வைத்திருந்தார்.

"ஐரோப்பாவுல வாங்கினது. குட்டி ஜெட் எஞ்சின். பேரிங் போயிருச்சு. திருப்பி அனுப்பி ரிப்பேர் பண்றதுன்னா இப்போ இருக்கிற ரேட்டுக்கு வீட்ட விக்கணும்."

சோமசுந்தரமும் மகதலேனாவும் அதை மேசைமேல் பிரித்தார்கள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம், நடுவில் மண்ணெண்ணெய் எரியும் ஒரு வளையம். முன்சக்கரம் சின்ன லோரி டர்போவில் இருப்பதேதான்.

"லேனா, இது நம்ம டர்போதான் லா," என்றார் சோமசுந்தரம். "அவங்க ஆகாசத்துல ஓட்டுறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

மூன்று மாதத்தில் அதே மாதிரி ஒன்றைச் செய்துவிட்டார். 'ராஜாளி' என்று பெயர் வைத்தார். வெளிநாட்டு எஞ்சினின் விலை இரண்டு மடங்காகிக் கிடந்த நேரம், ராஜாளி அதில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு எஞ்சினோடும் ஓர் அட்டை போனது. வரிசை எண், 'சமநிலையும் தரமும் பரிசோதிக்கப்பட்டது' என்று மூன்று மொழியில் ஒரு வரி, கீழே மகதலேனாவின் கையெழுத்து. முதல் எஞ்சின் அம்பாங்கில் பழைய ஈயச் சுரங்கத்து மணல்வெளியில் பறந்த அன்று அவளும் போயிருந்தாள். நாலு முழ நீளத்து விமானம் நிஜ ஜெட்டின் இரைச்சலோடு தலைக்குமேல் போனபோது, தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். தான் தொட்டுத் தொட்டு அடக்கிய சக்கரம் வானத்தில் சுற்றுகிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

முதல் எட்டு எஞ்சின்களும் நன்றாக ஓடின. ஒன்பதிலிருந்துதான் தொல்லை.

பின்சக்கரம் நெருப்பிலேயே நிற்பது. அதற்கு நிக்கல் கலந்த தனி உலோகம் வேண்டும். முதல் எட்டுச் சக்கரங்களை வார்த்துக் கொடுத்தவர் விலையைக் கூட்டிவிட்டார் என்று சோமசுந்தரம் வேறொரு வார்ப்படக்காரரிடம் இருபது சக்கரம் வாங்கினார். அதே உலோகம் என்று அவர் ஒரு தாளும் கொடுத்திருந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மிஷினிலும் முள் அழகாக நின்றது.

அரைகல்லில்தான் வேறுபாடு தெரிந்தது. நிக்கல் உலோகம் கல்லில் பட்டால் பொறி குட்டையாக, பீடி நுனியின் மங்கிய சிவப்பில் விழும். புதிய சக்கரத்தில் பொறி மஞ்சளாக, முழ நீளத்துக்குத் தெறித்தது. அன்று காலைதான் அவள் கல்லை மாற்றியிருந்தாள். புதுக்கல், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பது, பத்து, பதினொன்று என மூன்று அட்டைகளில் கையெழுத்தும் போட்டாள்.

பன்னிரண்டாவதில் அவளுக்கு மனசு கேட்கவில்லை. கழித்துப்போட்டிருந்த பழைய சக்கரம் ஒன்றைத் தேடி எடுத்து அதே கல்லில் தொட்டாள். குட்டைச் சிவப்பு. புதியதைத் தொட்டாள். நீள மஞ்சள். ஒரு காந்தத் துண்டை நூலில் கட்டி இரண்டுக்கும் பக்கத்தில் தொங்கவிட்டாள். பழைய சக்கரத்தருகே அது சும்மா தொங்கியது. புதிய சக்கரத்தருகே லேசாகச் சாய்ந்து போய் ஒட்டிக்கொண்டது.

பன்னிரண்டாம் எஞ்சினைச் சோதனை மேசையில் முப்பது நிமிடம் ஓட்டச் சொன்னாள். ஆறவைத்துப் பிரித்து, சக்கரத்தின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்தாள். ஓட்டுவதற்கு முன்பு அறுபத்தாறு மில்லிமீட்டர். இப்போது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அதிகம்.

சோமசுந்தரம் அட்டையை நீட்டியது அதற்குப் பிறகுதான்.

"பேனா இருக்கு பாஸ். நான்தான் போடல. இது அந்த உலோகம் இல்ல. வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சூட்டுல இழுபடுது. அரை மணி நேரத்துல இவ்வளவு வளந்திருக்கு."

அவர் மைக்ரோமீட்டரை வாங்கிப் பார்த்தார். "இது பெரிய விஷயமா? புதுச் செருப்பு மாதிரி. முதல்ல கொஞ்சம் விடும், அப்புறம் நிக்கும்."

"செருப்பு நிமிஷத்துக்கு லட்சம் சுத்து சுத்தாது பாஸ். இது வளந்து வளந்து சுத்தியிருக்கிற கூட்டுச் சுவர்ல உரசும். உரசினா சக்கரத்தோட இறக்கை பிச்சுக்கும். ஒரு இறக்கை போனா பேலன்ஸ் போயிரும், சக்கரமே வெடிக்கும். பக்கத்துல ஆள் நின்னா?"

"பேலன்ஸ் சரியா இருக்குல்ல? அதானே உன் வேலை."

"அட்டையில தரமும்னு எழுதியிருக்கு. அந்த ஐரோப்பாக்காரன் ஒவ்வொரு சக்கரத்தையும் ஓட்ட வேண்டிய வேகத்துக்கு மேல சுத்திப் பார்த்துட்டுத்தான் போடுறான்னு ராதாகிருஷ்ணன் அங்கிள் சொன்னாரு. நாம உருவத்த மட்டும் பார்த்துக் காப்பி அடிச்சிருக்கோம். அவன் பண்ற சோதனை ஒன்னுகூட நாம பண்ணல."

சோமசுந்தரம் கெட்டவர் இல்லை. அந்த வருடம் மேரு ரோட்டில் பட்டறை பட்டறையாக ஆட்களை நிறுத்தினார்கள். அவர் ஒருவரைக்கூட நிறுத்தவில்லை. அந்தச் சம்பளத்தையெல்லாம் ராஜாளிதான் தூக்கிக்கொண்டிருந்தது. வார்ப்படக்காரர் கொடுத்த தாளை நம்ப அவருக்கு ஆசை இருந்தது, அதனால் நம்பினார்.

"சரி, நீ லோரி டர்போவப் பாரு. இந்தப் பக்கம் வராத," என்றார்.

அந்தச் சக்கரங்கள் மூலையில் கிடக்கும் என்று மகதலேனா நினைத்தாள். மூன்று வாரம் கழித்து, ஆபீசில் கணக்கு எழுதும் ரமணி சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானைக்குள்ளிருந்து, ஆபீசில் வைத்திருக்கும் அட்டை நகல் ஒன்றை எடுத்தாள்.

"அக்கா, இது நீங்க போட்டதா?"

எண் பத்தொன்பது. கீழே மகதலேனாவின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலில் ஒரு மைப்புள்ளி. எட்டாம் எண் அட்டையில் பேனா ஒழுகி விழுந்த புள்ளி அது. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"எட்டாம் நம்பர் நகல்ல இருந்து ஃபோட்டோஸ்டட் எடுத்து ஒட்டுறாங்க அக்கா. பன்னிரண்டுல இருந்து எல்லாத்துக்கும் இதே புள்ளி. இதுவரைக்கும் இருபத்து மூனு வித்தாச்சு."

மகதலேனா டப்பாவை மூடினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது. நேராக சோமசுந்தரத்தின் அறைக்குப் போனாள்.

"என் கையெழுத்த எடுத்துருங்க பாஸ்."

அவர் நிமிரவில்லை. "அது கம்பெனி கையெழுத்து லேனா. உன் பேர்ல நாங்க என்ன கடனா வாங்கிட்டோம்?"

"அளந்து காட்டினேனே, அந்தப் பன்னிரண்டாம் நம்பர். அதையுமா வித்தீங்க?"

அவர் மேசைமேல் இருந்த பில்களைப் புரட்டினார். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மிஷினுக்குத் திரும்பி, ஓடிக்கொண்டிருந்த லோரி டர்போவை முடித்துக் கொடுத்தாள். சொந்த மைக்ரோமீட்டரைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ரமணி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கிழித்த நாட்காட்டித் தாள் ஒன்றைக் கையில் திணித்துவிட்டு, நின்று பேசாமல் திரும்பிவிட்டாள். ஒன்பது முதல் இருபத்து மூன்று வரை, வாங்கியவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் தாளின் பின்பக்கம் இருந்தன.

வீட்டில் கணவர் இக்னேஷியஸ் எல்லாவற்றையும் கேட்டார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை செய்கிறவர், அதிகம் பேச மாட்டார்.

"பதினஞ்சு எஞ்சின்," என்றாள் மகதலேனா. "பன்னிரண்டு எஞ்சின்ல என் கையெழுத்து பொய். ஆனா மூனு நானே போட்டது. பொறி மாறினத பார்த்துட்டுத்தான் போட்டேன். கல்லு புதுசுன்னு சாக்கு சொல்லிக்கிட்டேன்."

"இப்போ என்ன பண்ணப் போற?"

"பதினஞ்சையும் நிறுத்தணும்."

"ஒரு சம்பளத்துல சோறு இருக்கும், மீன் இருக்காது," என்றார் இக்னேஷியஸ். பிறகு, "சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்ல. மோட்டார் சைக்கிள்ல கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

முதலில் அவள் புகார் கொடுக்கத்தான் போனாள். ஓர் அலுவலகத்தில், இது விளையாட்டுச் சாமானா இயந்திரமா என்று கேட்டார்கள். இரண்டும்தான் என்றாள். அப்படிப் படிவத்தில் இல்லை என்றார்கள். இன்னோர் இடத்தில், யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்றார்கள். இல்லை என்றதும் பேனாவை மூடிவிட்டார்கள். படியிறங்கும்போதே அவள் தாளைப் பிரித்து, எந்த வீடு பக்கம் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

செலாயாங் மொத்தச் சந்தையில் ஒரு வெங்காய வியாபாரி பதினான்காம் எண்ணை வாங்கியிருந்தார். சீனர், தமிழ் கொஞ்சம் வரும். மகதலேனா அவர் கடையில் வெங்காய மூட்டைமேல் துணி விரித்து எஞ்சினைப் பிரித்தாள். நூலில் கட்டிய காந்தம் சக்கரத்தை நோக்கிச் சாய்வதைக் காட்டினாள். மைக்ரோமீட்டரைக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டு, தராசின் இருபது கிலோ எடைக்கல்லை எடுத்து எஞ்சினை ஒரே போடாகப் போட்டு நசுக்கினார். "என் மகன் இது பக்கத்துலதான் குந்துவான்," என்றார்.

எல்லோரும் அப்படி இல்லை. "கையெழுத்துப் போட்டதே நீதானே, இப்போ நீயே வந்து கெட்டதுங்குற?" என்று கத்தியவர்கள் உண்டு. அவள் ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொன்னாள்: "மூனு நான் போட்டது. மத்தது நான் போடல. ஆனா பதினஞ்சும் கெட்டதுதான்." கிள்ளானில் அடைக்கப்பன் என்று ஒரு கணக்காய்வாளர் கேட்டைக்கூடத் திறக்கவில்லை.

"சோமு எனக்கு ஒன்னுவிட்ட சொந்தம். அவர்கிட்ட வேலை போன கோவத்த ஏம்மா இங்க வந்து காட்டுற?"

"வேலைய நானாத்தான் விட்டேன் சார். ஒரு தடவ அளந்து பாருங்க. அஞ்சு நிமிஷம்."

"போம்மா."

மூன்று வாரத்தில் ஒருவர் எஞ்சினை உடைத்தார். ஏழு பேர் பார்க்கலாம் என்றார்கள். மீதிப் பேரில் பெரும்பாலோர் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "ராதாகிருஷ்ணன் என்ன சொல்றாரோ அதான்."

ராதாகிருஷ்ணனிடம் இருந்தது ஒன்பதாம் எண். அவளே கையெழுத்துப் போட்டது. ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு திடலில் அதைப் பறக்கவிட அவர் ஏற்பாடு செய்திருந்தார். மூன்று பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவதாக இருந்தது. அவர் வீட்டு வரவேற்பறையில், பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்ற விமானத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகதலேனா எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாலு தடவ பறந்திருக்கும்மா. ஒரு குறையும் இல்ல. நானும் முப்பது வருஷம் எஞ்சின் பார்த்தவன்."

"தெரியும் அங்கிள். அதனாலதான் உங்ககிட்ட வாயால பேச வரல. இதையே ஓட்டிப் பார்ப்போம். விமானத்துல இல்ல, மண்ணுக்குள்ள. முழு வேகத்துல முப்பது நிமிஷம். ஒன்னும் ஆகலன்னா நான் வீடு வீடாப் போய் மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

"எஞ்சின் போச்சுன்னா ஞாயித்துக்கிழமைக்கு நான் என்னத்தப் பறக்கவிடுறது?"

"பிள்ளைங்க தலைக்கு மேல போகுறதுக்கு முன்னாடி போகட்டுமே அங்கிள்."

அவர் வெகுநேரம் விமானத்தின் இறக்கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, எஞ்சினைக் கழற்ற ஸ்குரூடிரைவர் எடுத்துவரப் போனார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, அம்பாங் மணல்வெளியில் இடுப்பளவு குழி வெட்டினார்கள். இக்னேஷியஸ்தான் பெரும்பாலும் வெட்டினார். குழிக்குள் எஞ்சினை இரும்புத் தட்டில் முடுக்கி, சுற்றிலும் மணல் நிரப்பிய எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தினார்கள். எரிபொருள் குழாயையும் வேகக் கட்டுப்பாட்டுக் கம்பியையும் நீளமாக இழுத்து, மணல் மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். சங்கத்தில் ஆறு பேர் வந்திருந்தார்கள். ஓட்டுவதற்கு முன் மகதலேனா சக்கரத்தை அளந்து ராதாகிருஷ்ணனிடம் மைக்ரோமீட்டரைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். அதுவும் வளர்ந்திருந்தது.

"இன்னும் இடைவெளி இருக்கேம்மா," என்றார்.

"இது ஒரே அளவா வளராது அங்கிள். கடைசியில திடீர்னு வேகமா வளரும்."

எஞ்சின் பிடித்தது. சீட்டி அடிக்கிற மாதிரி ஆரம்பித்து, காதை அடைக்கும் இரைச்சலாக ஏறி நின்றது. மேட்டுக்குப் பின்னால் ஒன்பது பேரும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சத்தத்தில் ஒரு பிசிறும் இல்லை. பதினைந்தாவது நிமிடத்தில் சங்கத்துக்காரர் ஒருவர் சிகரெட் பற்றவைத்தார். இருபதில் இன்னொருவர் எழுந்து நின்று சோம்பல் முறித்தார். "உட்காருங்க!" என்று மகதலேனா போட்ட சத்தத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். தான் சொன்னது தப்பாகவே இருந்துவிடக்கூடாதா என்று ஒரு நிமிடம் அவளுக்குத் தோன்றியது. தப்பாக இருந்தால் அவமானம் அவளோடு போகும்.

இருபத்தாறாவது நிமிடத்தில் இரைச்சலுக்குள் ஒரு கிரீச்சிடல் வந்தது. கத்தியைச் சாணை பிடிக்கிற சத்தம். "உரசுது!" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் குழிக்குள் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். மணல் ஆள் உயரத்துக்கு எழும்பியது. பிறகு எரிபொருள் சொட்டிச் சீறும் ஓசை மட்டும் இருந்தது.

கால்மணி நேரம் கழித்துத்தான் மகதலேனா கிட்டே போக விட்டாள். எஞ்சினின் பின்பாதி திறந்த மீன் டின் போல விரிந்து கிடந்தது. சக்கரம் மூன்றாகப் பிளந்திருந்தது. ஒரு துண்டு ஒரு பீப்பாயின் தகட்டைக் கிழித்துக்கொண்டு போய் உள்ளே மணலில் முழங்கை ஆழத்தில் புதைந்திருந்தது. ராதாகிருஷ்ணன் தோண்டி எடுத்தார். இன்னும் சூடாக இருந்தது. கைக்குட்டையில் வைத்துப் பார்த்தார்.

"நாலு தடவ இத என் கையால தூக்கிட்டுப் போயிருக்கேன்," என்றார். "வயித்துக்கிட்ட வச்சு."

மகதலேனா அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். தான் கல்லால் தொட்ட தடம் அதன் ஓரத்தில் அப்படியே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இக்னேஷியஸ் மண்வெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களைப் பறக்கவிட்டார்கள். திங்கட்கிழமை சங்கத்திலிருந்து எல்லா உறுப்பினருக்கும் கடிதம் போனது. ஒன்பது முதல் இருபத்து மூன்று வரை எந்த எஞ்சினையும் ஓட்டக்கூடாது, இனி எந்த எஞ்சினானாலும் சக்கரத்தைச் சோதித்த தாள் இல்லாமல் மணல்வெளிக்குள் வரக்கூடாது. உடைந்த துண்டின் படத்தையும் சேர்த்திருந்தார்கள். பத்து எஞ்சின்கள் சோமசுந்தரத்திடம் திரும்பிப் போயின. இன்னொருவர் தன்னுடையதைத் தானே அறுத்துப்போட்டார். இருபத்தோராம் எண்ணை வாங்கியவர் ஈப்போ பக்கம் வீடு மாற்றிப் போய்விட்டார். மகதலேனா இரண்டு பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தும் அவர் அகப்படவில்லை. இன்றைக்கும் ஈப்போ என்று யாராவது சொன்னால் எந்த வட்டாரம் என்று கேட்பாள்.

அடைக்கப்பன் கடிதத்தை நம்பவில்லை. ஆகஸ்ட் மாதம் தன் வீட்டு முற்றத்தில் பதினேழாம் எண்ணை ஓட்டிப் பார்த்தார். சக்கரம் வெடித்து, ஒரு துண்டு தொடையில் சதையைக் கிழித்துக்கொண்டு போனது. உயிருக்கு ஒன்றுமில்லை, நடக்க நாலு மாதம் ஆனது. மகதலேனா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு, "அந்தக் கேட்டுல நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கணும் சார்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அக்டோபரில் சோமசுந்தரம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பத்து எஞ்சினுக்குப் பணத்தத் திருப்பிக் கொடுத்துட்டேன். நாலு பேர வேலைய விட்டு நிறுத்தினேன். உன்னாலதான்னு ஊரெல்லாம் சொன்னேன்."

"கேள்விப்பட்டேன் பாஸ்."

"அடைக்கப்பன் காலப் பார்த்தப்புறம் சொல்றத நிறுத்திட்டேன்." முன்னால் வைத்த காப்பியைத் தள்ளி வைத்தார். "பழைய வார்ப்படக்காரர்கிட்டயே இருபது சக்கரம் சொல்லியிருக்கேன். திரும்பி வந்துரு லேனா."

"வரமாட்டேன். உங்க பட்டறையில இருந்தா உங்க சம்பளத்துல இருந்துக்கிட்டுத்தான் மாட்டேன்னு சொல்லணும். அது கஷ்டமா இருந்துச்சு. சக்கரத்த எனக்கு அனுப்புங்க. சங்கத்துக் கொட்டகையில ராதாகிருஷ்ணன் அங்கிள் மண்ணுக்குள்ள ஒரு இரும்புப் பானை புதைச்சுக் கொடுத்திருக்காரு. காத்த அடிச்சு, ஓட்ட வேண்டிய வேகத்துக்கு மேல சுத்திப் பார்ப்பேன். சாயம் தடவி வெடிப்பு பார்ப்பேன். நல்லதுக்குத் தாள் தருவேன்."

"கெட்டது?"

"உடைச்சுத்தான் திருப்பித் தருவேன்."

அவர் நிமிர்ந்தார். "உடைக்கிறதா? அது என் சாமான் லா. திருப்பிக் கொடுத்தா நானே கழிச்சுப் போடமாட்டேனா?"

"போடுவீங்க பாஸ். ஆனா ஒருநாள் துறைமுகத்துல சரக்கு வராது, சம்பளம் கொடுக்கணும், அது மூலையில முழுசாக் கிடக்கும். நீங்க அதையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க. முழுசா இருக்கவே கூடாது."

சோமசுந்தரம் காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார். ஒரு மாதம் பதில் இல்லை. நவம்பர் நடுவில் ஒரு மரப்பெட்டியில் இருபது சக்கரங்கள் வந்தன. மகதலேனா ஒன்பது நாள் கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினாறு தேறின. இரண்டில் சாயம் வெடிப்பைக் காட்டியது, ஒன்று பானைக்குள்ளேயே தெறித்தது, ஒன்றின் இறக்கையில் வார்ப்புத் துளை இருந்தது. கெட்ட மூன்றையும் சம்மட்டியால் பிளந்து, தெறித்த துண்டுகளோடு ஒரு சாக்கில் போட்டுக் கட்டினாள்.

சோமசுந்தரமே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். பதினாறு தாள்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். சாக்கை அவிழ்த்து உள்ளே பார்த்தார். ஒரு துண்டை எடுத்துத் திருப்பி, வெடிப்பில் ஊறியிருந்த சிவப்புச் சாயத்தை விரலால் தேய்த்தார்.

"அடுத்த மாசம் பதினஞ்சு அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டார்.